வானதூதர் இரண்டாம் முறையும் வந்தார்

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
1 அரசர்கள் 19:4-8; எபேசியர் 4:30 - 5:2; யோவான் 6:41-51



இன்றைய முதல் வாசகத்தில் ஓர் இறைவாக்கினர் செத்துப்போக வேண்டும் என்று கேட்கிறார். யாரோ எவரோ இல்லை, எலியா. முந்தின அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனியாக நின்று வென்றவர் அவர்தான். அந்த வெற்றி முடிந்த கையோடு அரசி ஈசபேலின் மிரட்டல் வருகிறது. எலியா ஓடுகிறார். பெயேர்செபாவில் பணியாளரையும் விட்டுவிடுகிறார். பாலைநிலத்துக்குள் ஒரு நாள் முழுக்கத் தனியே நடந்து, ஒரு சூரைச்செடிக்கு அடியில் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, படுத்துத் தூங்கிவிடுகிறார்.

கூட இருந்தவரை விலக்கிவிட்டுத் தனியே போவது, படுத்தே கிடப்பது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்வது, சாவைப் பற்றிப் பேசுவது. ஒரு மனநல மருத்துவர் இந்த வாசகத்தைக் கேட்டிருந்தால் பேனாவைக் கையில் எடுத்திருப்பார். எலியாவுக்கு இன்ன நோய் என்று இத்தனை நூற்றாண்டு கழித்துப் பெயர் சூட்ட எனக்குத் தகுதியில்லை. கடவுள் அவரை எப்படி நடத்தினார் என்பதை மட்டும் பார்ப்போம்.

வானதூதர் வந்தார். புத்திமதி சொல்லவில்லை. கார்மேலில் அத்தனை அற்புதம் பார்த்தும் உனக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்கவில்லை. தொட்டு எழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் காட்டினார். எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடி படுத்துக்கொண்டார். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் பொறுமை போய்விடும். “இவ்வளவு செஞ்சும் திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டான் பாருங்க, ஃபாதர்” என்போம். வானதூதர் அப்படிச் சலித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறையும் வந்தார். மறுபடி தொட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார், போக வேண்டிய வழி நீளம் என்றும் சொன்னார். 40 நாள் நடையும் ஓரேபு மலையும் ஆண்டவரின் மெல்லிய குரலும் அதற்குப் பிறகுதான்.

இன்று நான் பேச வந்தது மனநல மருத்துவரைப் பற்றி. அவரிடம் போனால் என்ன நடக்கும், அவர் தரும் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது பற்றி. கோயிலில் ஏன் இந்தப் பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் மக்கள் மருத்துவரிடம் போவதற்கு முன்னால் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். பிள்ளை ஒரு மாதமாகத் தூங்கவில்லை, தனியாகப் பேசுகிறான், யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான் என்றால், முதலில் எண்ணெய் மந்திரித்து வாங்க வருகிறார்கள். பிறகு 13 செவ்வாய் செபம். பிறகு வேறு ஊரில் ஒரு செபக்கூட்டம். வேளாங்கண்ணியில் தங்கி வேண்டுதல். இப்படியே ஓராண்டு, ஈராண்டு போய்விடுகிறது. மருத்துவரை எட்டும்போது நோய் முற்றியிருக்கிறது. முதலில் நம்மிடம் வருகிறவர்களை அடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்வதும் மேய்ப்பனின் வேலைதான்.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. அப்படிப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சை கிடைக்கவில்லை. இந்தக் கோயிலில் எத்தனை பெஞ்சு என்று உங்களுக்கே தெரியும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பேயைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், 1673ஆம் எண்ணில், நோயும் குறிப்பாக மனநோயும் தீய ஆவியின் பிடியிலிருந்து வேறானவை, அவற்றைக் கவனிப்பது மருத்துவ அறிவியலுக்கு உரியது என்று தெளிவாகச் சொல்கிறது. பேயோட்டும் சடங்குக்கு முன்னால் அது நோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும் என்றும் கேட்கிறது. திருஅவைச் சட்டம் 1172இன்படி, ஆயர் தரும் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அதைச் செய்யக் கூடாது. அப்படியிருக்க, யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகளின் தலைமுடியை இழுத்துப் பெயர் கேட்டால், அது திருஅவையின் செபம் ஆகாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

போன வாரம் ஆகஸ்டு 6, ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. 2001ஆம் ஆண்டு அதே நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்தது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தார்கள். 28 பேர் கருகிப்போனார்கள். தர்காவை நம்பி வந்தவர்களைக் காசுக்கு வைத்துப் பராமரித்த தனியார் கொட்டகைகளில் அது ஒன்று. அங்கே எல்லா மதத்தாரும் போவார்கள், நம்மவர்களும்தான். அது யாரோ செய்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் திருத்தலங்களின் ஓரத்திலும் மரத்தில் கட்டிப்போட்ட மனிதர்களைப் பார்த்த பெரியவர்கள் இந்தக் கோயிலிலேயே இருப்பீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த மனநோயாளியையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. ஏர்வாடியிலும் பிறகு அரசின் மனநல மருத்துவப் பிரிவு வந்தது. துவா என்கிற செபமும் மருந்தும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. அதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

சரி, மருத்துவரிடம் போகிறோம். எங்கே போவது? மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ், குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் மருத்துவர் வருகிறார். எந்த நாள் என்று ஓ.பி. சீட்டு தரும் இடத்தில் கேட்டாலே சொல்வார்கள். மாத்திரை இலவசம். “கீழ்ப்பாக்கம் கேசு” என்று சினிமா பார்த்துச் சிரித்துப் பழகிய நாம், மனநல மருத்துவரைப் பார்த்தாலே உள்ளே பூட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். போகிறவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பி, ராத்திரிச் சாப்பாட்டைத் தங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

கரண்டு வைப்பார்களோ என்ற பயமும் உண்டு. முதல் நாள் யாரும் அதைச் செய்வதில்லை. கடுமையான சில நிலைகளில், உயிருக்கே ஆபத்தான மனச்சோர்வு போன்றவற்றில், அந்தச் சிகிச்சை இன்றும் பயன்படுகிறது, பலனும் தருகிறது. ஆனால் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. சினிமாவில் வாயில் கட்டையை வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிற காட்சியை மறந்துவிடுங்கள்.

முதல் சந்திப்பில் நடப்பது பெரும்பாலும் பேச்சுதான். மருத்துவர் உங்களைப் பேசவிட்டுக் கேட்பார். எப்போதிலிருந்து இப்படி? தூக்கம் எப்படி, படுத்தவுடன் வருகிறதா, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? முன்பு பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா? ஆளில்லாதபோது குரல் கேட்கிறதா? யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்யப் பார்ப்பதாகத் தோன்றுகிறதா? சில மாதம் இதற்கு நேர்மாறாக, தூக்கமே தேவைப்படாமல், கையில் காசு நிற்காமல், ஓயாத பேச்சும் ஓயாத திட்டமுமாக இருந்ததுண்டா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஏனென்றால் சோர்வு மட்டும் வருகிறவருக்கு ஒரு மருந்து, சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வருகிறவருக்கு வேறு மருந்து. எழுச்சியாக இருந்த காலத்தை வீட்டார் “அப்பத்தான் ஃபாதர் நல்லா இருந்தான்” என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

குடியைப் பற்றிக் கேட்பார். அங்கே உண்மையைச் சொல்லுங்கள். ஒரு குவார்ட்டரை ‘எப்பவாவது’ என்று சொன்னால் ஏமாறுவது நீங்கள்தான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, தற்கொலை நடந்ததா என்று கேட்பார். அந்தப் பெரியப்பாவின் கதையை அன்றைக்காவது வெளியே எடுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்றும் கேட்கலாம். மூன்று சொற்களைச் சொல்லிச் சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லலாம். என்னைப் பைத்தியம் என்று நினைத்துக் கேட்கிறார் என்று கோபப்பட வேண்டாம். எல்லோரிடமும் கேட்பதுதான். கணக்கு தப்பினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்றும் நேராகக் கேட்பார். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிற எண்ணத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். எலியாகூட அதைக் கடவுளிடம் வாய்விட்டுச் சொன்னவர்தானே.

பிறகு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கலாம். தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி12 சத்து இல்லாவிட்டாலும் மனம் சோர்ந்துபோகும். அவற்றை முதலில் பார்க்க வேண்டும். “தலைக்கு ஸ்கேன் எடுக்கலையா?” என்று நீங்களாகக் கேட்டு நிற்க வேண்டாம். மனச்சோர்வு ஸ்கேனில் தெரியாது. தேவைப்பட்டால் அவரே எழுதுவார். நோய்க்கு இன்ன பெயர் என்று முதல் நாளே சொல்லாமலும் இருக்கலாம். இரண்டு மூன்று முறை பார்த்தபின் சொல்கிறவர் கவனமாகத்தான் இருக்கிறார்.

அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதை மறைக்க மாட்டேன். அதனால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, என்னென்ன மாற்றம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். பிரஷர், சர்க்கரை மாத்திரையும் அதில் சேரும். நாட்டு மருந்தும் லேகியமும் சேரும். பெண்களுக்குக் கருத்தரித்திருக்கலாம் என்றாலோ, குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்கள் என்றாலோ அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உடன் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் உங்களை வெளியே இருக்கச் சொல்லி நோயாளியிடம் தனியே பேசுவார். முகத்தைச் சுளிக்காதீர்கள். மாற்கு நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்தவர்கள் அங்கேயே குணமாக்கிக் காட்டச் சொல்லியிருப்பார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். குணமாக்கிய பிறகும் ஊருக்குள் போக வேண்டாம் என்று சொல்லி நேரே வீட்டுக்கு அனுப்புகிறார். வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடம் நோயாளிக்கு எவ்வளவு தேவை என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. மருத்துவரிடம் சொன்னது வெளியே போகாது. சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. பாவசங்கீர்த்தன முத்திரை போல அது முழுமையானது என்று சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் அவர் வீட்டாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அது உங்கள் நன்மைக்கே.

அந்தப் பெத்சாய்தாக்காரரிடம் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் மாத்திரை பற்றிய பாடம் முழுக்க அவரிடம் இருக்கிறது. இயேசு அவருடைய கண்களைத் தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். நற்செய்திகளில் வேறெந்தக் குணமாக்குதலிலும் இயேசு இப்படிப் பாதியில் நிறுத்திக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவரும் மரியாதைக்காகப் பொய் சொல்லவில்லை. ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடப்பது மாதிரி இருக்கிறது என்கிறார். ஆண்டவரிடமே “இன்னும் சரியாகவில்லை” என்று சொல்கிற துணிச்சலைப் பாருங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை, உன் விசுவாசம் பத்தாது என்று சொல்லவில்லை. இரண்டாம் முறை கையை வைத்தார். அதன்பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

மனநல மருத்துவர் உங்களை மறுபடி வரச் சொல்வது இதற்காகத்தான். முதலில் குறைந்த அளவில் ஒரு மருந்தைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார். கண் பரிசோதனையில் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு “இப்ப தெளிவா இருக்கா, முன்னே தெளிவா இருந்ததா” என்று கேட்பார்களே, அப்படி. அங்கே நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் அடுத்த கண்ணாடி. இங்கேயும் உங்கள் பதிலை வைத்துத்தான் அளவு கூடும், குறையும், மருந்து மாறும். “டாக்டர் மனசு கஷ்டப்படுமே” என்று பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தால் மரங்கள் நடந்துகொண்டேதான் இருக்கும்.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் ஒரு சங்கடம் உண்டு. தொந்தரவு முதலில் வரும், பலன் பிந்தி வரும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒருவிதப் படபடப்பு வரலாம். மனம் தேறத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், நன்றாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். நம் ஆட்கள் நான்காம் நாளே, “சாப்பிட்டதும் அதிகமாயிடுச்சு, ஃபாதர்” என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியாகப் பலன் கிளம்பும் நேரத்தில் மருந்து உடம்பில் இருக்காது. இளவயதுப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய முதல் வாரங்களில் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். சாவைப் பற்றிப் பேச்சு கூடினால், தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

குரல் கேட்பது, சந்தேகம் போன்றவற்றுக்குத் தரும் மருந்துகளில் தூக்கக் கலக்கம், எடை கூடுவது, கை நடுக்கம், உடம்பு விறைப்பது, பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் வரலாம். இவற்றில் பலவற்றுக்கு வழி உண்டு. அளவைக் குறைப்பார், இரவுக்கு மாற்றுவார், வேறு மருந்து தருவார். எடையும் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்கச் சொல்வார், அலட்சியம் வேண்டாம். மாத்திரை சாப்பிட மறுக்கிறவர்களுக்கோ மறக்கிறவர்களுக்கோ சில மருந்துகள் மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் இருக்கின்றன. குளோசபின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு முதல் சில மாதங்கள் வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அது மருத்துவமனைக்காரர் பணம் பிடுங்கும் வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உயிரைக் காக்கும் பரிசோதனை அது.

எல்லாமே தூக்க மாத்திரைதான், சாப்பிட்டால் பழகிவிடும் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. பாதி உண்மை பெரிய ஆபத்து. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற பதற்ற மாத்திரைகள் நாள்பட்டால் பழகும். அவற்றை மருத்துவர் கொஞ்ச நாளுக்குத்தான் தருவார். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக்கொண்டே இருப்பதுதான் தவறு. மனச்சோர்வு மருந்தும், குரல் கேட்பதற்குத் தரும் மருந்துகளும் அந்த மாதிரிப் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும், நோயும் திரும்பும். நன்றாகிவிட்டது என்றதும் நிறுத்துகிறீர்கள். முதல்முறை வந்த மனச்சோர்வு என்றால்கூட, நன்றான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டியிருக்கும். வேறு சில நோய்களுக்கு ஆண்டுக்கணக்கில். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது அவருடைய வேலை. சாட்சி சொல்ல மேடை ஏறி மாத்திரையைத் தூக்கியெறிந்தேன் என்று சொல்கிறவரைக் கேட்டுக் கைதட்டாதீர்கள். அவர் அடுத்த வருடம் எப்படி இருந்தார் என்று யாரும் மேடையில் சொல்வதில்லை.

இந்த மாதத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். காவி உடுத்திப் பாதயாத்திரை கிளம்புவீர்கள். லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் உங்களில் இருக்கலாம். அந்த மருந்து இரத்தத்தில் ஓர் அளவுக்குள் நிற்க வேண்டும், அதற்காகத்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். வெயிலில் நடந்து வேர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அந்த அளவு ஏறிவிடும். கால்வலிக்கு வழியில் யாராவது ஐபுரூஃபன் போன்ற வலி மாத்திரை கொடுத்தால் இன்னும் ஏறும். கை பலமாக நடுங்கி, வாந்தி வந்து, பேச்சுக் குழறினால் அது களைப்பு என்று நிழலில் படுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு சில மனநல மருந்துகளும் உடம்பு வெப்பத்தைத் தாங்குவதைக் குறைக்கும். நடக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு நடங்கள். வேண்டாம் என்றால் பஸ்ஸில் போங்கள். மாதா பஸ்ஸில் வந்தவரைத் திருப்பி அனுப்புகிறவர் இல்லை. உபவாச செபத்துக்கும் இதே கதைதான். நோயாளிகளுக்குத் திருஅவை நோன்பிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்துவதை மட்டும் யாரும் நேர்ச்சையாக நேர்ந்துகொள்ள வேண்டாம்.

குணமாகட்டும் என்று கல்யாணம் செய்துவைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு பெண் பிள்ளையை மருந்தாக்குகிறீர்கள். நோயை மறைத்து நடத்திய மணங்கள் எத்தனை மறைமாவட்டத் தீர்ப்பாயம் வரை போகின்றன தெரியுமா? சிகிச்சையில் இருக்கிறவர் நல்ல மணவாழ்வு வாழலாம். சொல்லிச் செய்யுங்கள்.

புனிதர்களைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒன்று. மருத்துவமனைகளின் பாதுகாவலரான புனித இறை யோவான், ஸ்பெயினின் கிரனாடா நகரில் ஒரு மறையுரையைக் கேட்டுவிட்டுத் தெருவில் புரண்டு அழுதார். ஊரார் பித்துப் பிடித்தவர் என்று அரச மருத்துவமனையில் அடைத்தார்கள். அங்கே அன்றைய சிகிச்சை சாட்டையடி. (என் மறையுரையைக் கேட்டு உங்களுக்குத் தூக்கம்தான் வரும், பயப்பட வேண்டாம்.) வெளியே வந்தவர், நோயாளியை மனிதனாக நடத்தும் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் வழி வந்த சபை இன்றும் உலகெங்கும் மனநோயாளிகளைப் பராமரிக்கிறது. வேலூர் பாகாயத்தில் 1957இல் சி.எம்.சி. மனநல மையத்தைத் தொடங்கிய மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸும் மறைப்பணியாளர்தான். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை அந்த மையம் வளர்த்தது. திருத்தந்தை பிரான்சிஸ் தமக்கு 42 வயதாக இருந்தபோது உளப்பகுப்பாய்வு செய்யும் ஒரு யூதப் பெண் மருத்துவரிடம் ஆறு மாதம் வாரந்தோறும் போனதாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் குருத்துவம் அதனால் குறைந்துபோகவில்லை.

இன்றைய நற்செய்தியில் யூதர்கள் முணுமுணுக்கிறார்கள். இவர் யோசேப்பின் மகன்தானே, தாய் தந்தையை நமக்குத் தெரியாதா என்று. ஊர்வாய் என்றைக்கும் இப்படித்தான். மனநலப் பிரிவு வாசலில் ஒருவரைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் அலசிவிடும். இரண்டாம் வாசகத்தில் பவுல் கசப்பையும் பழிச்சொல்லையும் நீக்கிவிடச் சொல்கிறார். அதை இந்த வாரம் இந்த ஒரு காரியத்தில் நடத்திக் காட்டுங்கள். அங்கே யாரைப் பார்த்தாலும் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். பழைய காலத்தில் அப்படி இறந்தவர்களுக்கு அடக்கத் திருச்சடங்கு மறுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் அவர்களுடைய பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுக்காகத் திருஅவை செபிக்கிறது என்றும் மறைக்கல்வி நூல் சொல்கிறது. நாமும் இன்று செபிக்கிறோம். முயன்று பிழைத்தவர்களைப் போலீஸ் கேசு என்று மிரட்ட வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதுதான் 2017 சட்டம். இரவோ பகலோ, 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். 104க்கும் அழைக்கலாம். அன்பியப் பொறுப்பாளர்கள் இந்த இரண்டு எண்களையும் வீடு வீடாகக் கொடுங்கள்.

முதல்முறை போகத் தயங்குகிறவர்கள், கூட வர ஆளில்லாதவர்கள், திருப்பலி முடிந்து என்னிடமோ வின்சென்ட் தே பவுல் சபையினரிடமோ சொல்லுங்கள். பஸ் செலவுக்கும் ஏற்பாடு செய்வோம். ஏற்கெனவே சிகிச்சை தொடங்கி இடையில் விட்டவர்கள், வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய சீட்டைத் தேடி எடுங்கள். மறுபடி வர வேண்டிய தேதி அதில் எழுதியிருக்கும். அது தாண்டிப்போயிருந்தாலும் பரவாயில்லை, உங்களை யாரும் திட்ட மாட்டார்கள். நாளை திங்கட்கிழமை, ஓ.பி. உண்டு. காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.